உங்கள் வரம் எது என்று கேட்டார்கள். கடதாசியை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தேன்

மானிப்பாய் அக்கா எழுதியது, திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்தரம். நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்கு வயது 61. கலியாணம் கட்டவில்லை. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் 31 வருடம் எழுதுவினைஞராக இருந்து போன வருடம் பென்சனில் வந்தேன். வந்த நாலாம் மாதம் அம்மா போய்விட்டா. ஏழு வருடம் படுக்கையில் இருந்தவ. விடிய நாலரைக்கு எழும்பி, அம்மாவைத் துடைத்து உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளையை வந்து இருக்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய்ப் பஸ் பிடிப்பேன். பின்னேரம் வந்தால் திரும்பவும் அதுதான். அலுத்துப்போன நாட்கள் இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். இப்போது கந்தோரும் இல்லை, அம்மாவும் இல்லை. நாலரைக்கு முழிப்பு மட்டும் வருகிறது. குசினிக்குள் போய்த் தண்ணீரை அடுப்பில் வைத்தவுடன் அம்மாவின் கஞ்சிக் கோப்பையை எடுக்கத் தானாகக் கை போகும்.

போன ஞாயிறு ஆராதனையில் போதகர் 1 பேதுரு 4:10ஐ எடுத்துப் பிரசங்கித்தார். அவரவர் பெற்ற வரத்தைக் கொண்டு, நல்ல உக்கிராணக்காரரைப்போல, ஒருவருக்கொருவர் உதவிசெய்ய வேண்டும் என்ற வசனம். முடிவில் ஆளுக்கொரு கடதாசித் துண்டு தந்து, கடவுள் உங்களுக்குத் தந்த வரம் எது, அதை யாருக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்று எழுதிக் காணிக்கைப் பையில் போடச் சொன்னார். என் பக்கத்தில் இருந்த தங்கச்சி யோசிக்காமல் ‘பாட்டு’ என்று எழுதினா. முன்வாங்கில் இருந்தவர் ‘நோயாளரைச் சந்தித்தல்’ என்று எழுதினதும் கண்ணில் பட்டது. ஒரு பெடியன் ‘கிற்றார், ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு’ என்று எழுதினான். நான் பேனையைத் திறந்தேன், மூடினேன். பை கிட்ட வரவும் துண்டை வெறுமையாகவே மடித்துப் போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து மனம் சரியில்லை. எனக்குப் பாட வராது. சின்ன வயதில் பாட்டுக்குழுவில் நிறுத்தி, ‘நீ வாயை மட்டும் அசை பிள்ளை’ என்றார்கள், அது இன்னும் காதில் நிற்கிறது. நாலுபேருக்கு முன்னால் கதைத்தால் குரல் நடுங்கும். சமையல் எனக்கும் அம்மாவுக்கும் அளவாகச் சமைத்த சமையல். 31 வருடத்தில் 19 வருடம் பதிவறையில் இருந்தேன். காணிக் கோப்புகளை எடுத்துக் கொடுப்பது, திருப்பி வைப்பது, பழைய உறுதிகளை, அதாவது காணிப் பத்திரங்களை, வாசித்துச் சுருக்கம் எழுதுவது. அது சம்பளத்துக்குச் செய்த வேலை. அதை ஆண்டவருக்கு முன்னால் கொண்டுபோய் வரம் என்று வைக்க எனக்கு வாய் வரவில்லை.

மத்தேயு 25இல் எசமான் நம்பிக் கொடுத்த ஒரு தாலந்தை மண்ணில் புதைத்துத் தண்டனை பெற்ற வேலைக்காரனை நினைத்தால் பயமாக இருக்கிறது. அவனிடமாவது புதைக்க ஒன்று இருந்தது. ஒன்றுமே தரப்படாத ஆட்களும் உண்டா? இருந்தால் அவர்கள் மிச்சக் காலத்தை எதற்காக வாழ்வது? உண்மையாகத்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

---

கோண்டாவில் தம்பி எழுதியது, அன்றிரவே

அக்கா, உங்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். நான் கணிதம் படிப்பிக்கிறவன், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

தாலந்து என்பது திறமைக்குப் பெயர் இல்லை, அந்தக் காலத்துப் பண நிறை. ஒரு தாலந்து ஏறத்தாழ ஆறாயிரம் தெனாரியம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம். அதே மத்தேயுவில் 20ஆம் அதிகாரத்துத் திராட்சத்தோட்டக் கூலியும் அதுதான். ஓய்வுநாளையும் பண்டிகைகளையும் கழித்து வருடத்துக்கு முந்நூறு வேலைநாள் என்று வைத்தால், ஒரு தாலந்து இருபது வருட உழைப்பு. ஆக, குறைவாகப் பெற்றவன் என்று நாங்கள் நினைக்கிற அந்த மனிசன் புதைத்தது இருபது வருடச் சம்பளத்தை. 

நீங்கள் 19 வருடம் பதிவறையில் இருந்ததாக எழுதியிருக்கிறீங்கள்.

என்ன வரம் என்று உங்களுக்குள் தேடுவதை ஒரு கிழமைக்கு விடுங்கோ. இதை மட்டும் சொல்லுங்கோ: பென்சனில் வந்த பிறகு யாராவது வீடு தேடி வந்து உங்களிடம் ஏதாவது கேட்டார்களா? என்ன கேட்டார்கள்?

---

மானிப்பாய் அக்கா எழுதியது, செவ்வாய்

தம்பி, அந்தக் கணக்கை நான் ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. நன்றி.

நீங்கள் கேட்டதற்கு: பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ஆச்சி இருக்கிறா. 1990இல் சண்டையால் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவ. தைமாதம் ஒரு பிஸ்கட் ரின்னோடு வந்து, “பிள்ளை, நீ கந்தோரிலை இருந்தனி எல்லே, இதிலை என்ன கிடக்கெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு” என்றா. அவவின் தாயின் சீதன உறுதி. நொத்தாரிசு, அதுதான் உறுதி எழுதிக் கொடுக்கிறவர், கூட்டெழுத்தில் எழுதினது, புள்ளி ஒன்றும் இல்லை. மடிப்பு விழுந்த இடத்தில் மை போய்விட்டது. பேரப்பிள்ளைகள் எல்லோரும் படித்தவர்கள், ஆனால் ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. நான் வாசித்தேன். ஒரு மணித்தியாலம் பிடித்திருக்கும். காணிப் பெயர், இரண்டு பரப்பு ஏழரைக் குழி, நாலு எல்லை, கிணற்றில் ஆறிலொரு பங்கு, வழிவாய்க்கால் உரிமை. ஒரு கொப்பியில் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

பிறகு அந்த ஆச்சி சொல்லி இன்னும் இரண்டுபேர் வந்தார்கள். அதையா கேட்கிறீங்கள்? அது எனக்குப் பழக்கம், கண்ணுக்குப் பழகின எழுத்து. பத்தொன்பது வருடம் பார்த்தால் யாருக்கும் வரும்.

---

வண்ணை சிவம் எழுதியது, செவ்வாய் பின்னேரம்

அக்கா, நான் சைவக்காரன். உங்கள் வேதத்தைப் பற்றிக் கதைக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் நீங்கள் எழுதின ‘உக்கிராணக்காரர்’ என்ற சொல்லைப் பார்த்தவுடன் பேசாமல் இருக்க முடியவில்லை. அந்த வேலைதான் நான் முப்பது வருடமாகச் செய்வது.

எங்கள் பகுதியில் கலியாண வீடு, அந்தியேட்டி, கோயில் அன்னதானம் எதுவென்றாலும் உக்கிராணத்தின், அதாவது சமையல் சாமான் அறையின், திறப்பு என் மடியில்தான் இருக்கும். செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலும் உக்கிராணத்தில் நின்றிருக்கிறேன். அன்னதானக் கந்தன் என்று பெயர்பெற்ற கோயில், அங்கே எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. அதனால் உக்கிராணம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும், சொல்கிறேன்.

உள்ளே இருக்கிற அரிசி என்னுடையது இல்லை. பருப்பு, புளி, நல்லெண்ணெய், வாழையிலைக் கட்டு ஒன்றுமே என்னுடையது இல்லை, உபயகாரர் தந்தது. நான் அதை விளைவித்தவனும் இல்லை, சமைக்கிறவனும் இல்லை. குசினியிலிருந்து ஆள் வந்து “அண்ணை, உப்பு” என்றால் அந்த நேரத்துக்கு உப்பை எடுத்துக் கொடுக்க வேண்டும், அதுதான் என் வேலை. கறி கொதித்துக்கொண்டிருக்கிறது, இது வெறும் உப்புத்தானே, இதைப் போய்க் கொடுப்பதா என்று நான் உள்ளே இருந்து யோசித்தால் ஐந்நூறு பேரின் சாப்பாடு கெட்டுப்போகும். உக்கிராணத்தில் மலிவான சாமான் உப்பு. அது பிந்தினால் வருகிற கரைச்சல் முந்திரிகை வற்றல் பிந்தினாலும் வராது.

இன்னொன்று. உக்கிராணக்காரன் விடியமுதல் விளக்கோடு உள்ளே போய் என்ன இருக்கிறது என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். கேட்கும்போது “இருக்கோ தெரியேல்லை” என்று சொல்லக்கூடாது. உங்கள் போதகர் தந்த கடதாசித் துண்டு அந்த விளக்குத்தான் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் உள்ளே போய்ப் பார்த்தீங்கள், உப்பு மூடை நிற்கிறது, ஆனால் நெய்ப் பானையைத் தேடிவிட்டு வெறும் அறை என்று வெளியே வந்துவிட்டீங்கள்.

கொழும்புத்துறையில் இருந்த யோகர் சுவாமி சந்நியாசத்துக்கு முன்னர் என்ன வேலை பார்த்தார் என்று தெரியுமோ? கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக்கு ஸ்டோர்கீப்பர். களஞ்சியத்துத் திறப்பை வைத்துக்கொண்டு சாமான் எடுத்துக் கொடுத்தவர். 1964இல் சமாதியாகும்வரை யாழ்ப்பாணத்தில் எத்தனை பேர் தங்கள் கஷ்டத்தோடு அவருடைய கொட்டில் வாசலுக்குப் போனார்கள். என் தகப்பனாரும் போயிருக்கிறார். யாருக்கு எது வேணுமோ அதைத்தான் சுவாமி கொடுப்பாராம். சிலருக்கு ஒரு சொல், சிலருக்குப் பேச்சு, சிலருக்குத் தேத்தண்ணி மட்டும்.

அக்கா, “யாருக்கும் வரும்” என்று எழுதியிருக்கிறீங்கள். எனக்கு வராது. என் வீட்டு அலுமாரியில் பூட்டனார் காலத்து உறுதி நாலு கிடக்கிறது. எனக்கு அது கறள் பிடித்த கோடுகள்தான்.

---

உடுவில் தையல் எழுதியது, புதன்

அக்கா, நான் எழுத்திலை கெட்டிக்காரி இல்லை, கதைக்கிற மாதிரியே எழுதுறன்.

நான் தைக்கிறன். சட்டை, பாடசாலை வெள்ளைச் சீருடை, சாறிப் பிளவுஸ். பதினேழு வயசிலையிருந்து மெசின் மிதிக்கிறன். அது வயித்துப்பாடு. வரம் எண்டு ஒருநாளும் நினைக்கேல்லை, உங்களைப் போலத்தான்.

சண்டை முடிஞ்சு ஒரு ரண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு தாய் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தவ. பிள்ளைக்கு வலக்கை முழங்கைக்குக் கீழை இல்லை. பத்து வயசிருக்கும். தாய் என்னட்டைக் கேட்டது ஒண்டுதான்: “இவள் பள்ளிக்கூடத்துக்குத் தானே உடுத்திக்கொண்டு போகவேணும் எண்டு நிக்கிறாள். ஏலுமோ?” வெள்ளைச் சட்டைக்குச் சிப் முதுகிலை எல்லே வாறது. ஒரு கையாலை இழுக்க ஏலாது. நான் முதல் முன்பக்கத்துக்கு மாத்தினன். அது பாத்தால் வித்தியாசமாத் தெரியுது, மற்றப் பிள்ளையள் கேட்பினம் எண்டு அவள் அழுதிட்டாள். பிறகு இடப்பக்க விலாவிலை, தையலுக்குள்ளை மறைச்சு வைச்சன், அவளின்ர இடக்கைக்கு எட்டேல்லை. கடைசியா வலப்பக்க விலாவிலை வைச்சு, சிப்பின்ர நாக்கிலை ஒரு சின்ன நாடா வளையம் தைச்சு விட்டன், விரலைக் கொழுவி இழுக்க. மூண்டு தரம் கழட்டித் தைச்சனான். நாலாம் தரம் அவள் அறைக்குள்ளை போய்த் தனிய உடுத்திக்கொண்டு வெளியிலை வந்தாள்.

அண்டைக்கு நான் மெசினிலை தலையை வைச்சுக்கொண்டு அழுதனான் அக்கா.

அதுக்குப் பிறகு அந்தத் தாய் இன்னொரு தாய்க்குச் சொல்லி, அவ இன்னொருவருக்குச் சொல்லி, இண்டைக்கும் ஆக்கள் வருகினம். சக்கர நாற்காலியிலை இருக்கிறவைக்குக் காற்சட்டை, இருந்தபடி போடத்தக்க மாதிரிப் பின்பக்கம் உயத்தி வெட்டுறது. பாரிசவாதம் வந்த ஐயாமாருக்கு ஷேட்டிலை தெறிக்குப் பதிலா ஒட்டுநாடா, மேலை பாத்தால் தெறி மாதிரியே இருக்கும். இதுகளுக்கு நான் காசு வாங்கிறேல்லை, துணிக் காசு மட்டும். மிச்ச நாள் தையலிலை வீடு ஓடுது.

தொற்காள் எண்டு ஒரு மனிசி அப்போஸ்தலர் ஒன்பதாம் அதிகாரத்திலை வாறா, யோப்பா ஊர். அவ செத்த நேரம் விதவைகள் பேதுருவுக்கு முன்னாலை நிண்டு, அவ தைச்சுக் குடுத்த உடுப்புகளைக் காட்டிக் காட்டி அழுகினம். அவ என்ன கதைச்சவ எண்டு ஒரு சொல்லும் வேதத்திலை இல்லை. உடுப்பு மட்டும்தான் இருக்கு. நான் அந்த இடத்தை வாசிக்கேக்கை எல்லாம் அது என்ன தையலா இருந்திருக்கும் எண்டு யோசிப்பன்.

எனக்குத் தைக்கிறது முதலே தெரியும். அது என்னத்துக்கு எண்டு அந்தப் பிள்ளை வந்து நிக்கத்தான் தெரிஞ்சது. உங்களுக்கு ஆச்சி பிஸ்கட் ரின்னோடை வந்திட்டா. நீங்கள் “அவ்வளவுதான்” எண்டு எழுதினதை வாசிக்க எனக்குக் கோவம் வந்தது, குறை நினையாதேங்கோ.

---

ஓய்வுபெற்ற தாதி, சண்டிலிப்பாய் எழுதியது, புதன் இரவு

மேலே எழுதின மூன்றுபேரும் சொன்னது சரி. ஆனால் ஒருவரும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதை நான் சொல்ல வேண்டும்.

பிள்ளை, உங்கள் அம்மா போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஏழு வருடம் படுக்கையில் இருந்த ஒருவரை, வேலைக்கும் போய்க்கொண்டு, புண் வராமல் பார்த்திருக்கிறீங்கள். அது எப்படிப்பட்ட வேலை என்று வார்டில் நின்ற எனக்குத் தெரியும். அங்கே இரண்டுபேர் பிடித்துத்தான் புரட்டுவோம். நீங்கள் தனிய. வரம் எது என்று கேட்ட கடதாசியில் அந்த ஏழு வருடமும் உங்களுக்கு ஞாபகம் வரவே இல்லை. அதுதான் என் மனதைத் தைத்தது.

ஆனபடியால் அவசரப்படாதேங்கோ. எங்கள் கிணறுகளை யோசியுங்கோ. வலிகாமம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். கீழே இருக்கிறது கடல்நீர், அதுக்கு மேலே மழைநீர் ஒரு படையாக மிதந்துகொண்டு நிற்கிறது. அளவாக இறைத்தால் இரவு விட்டு ஊறும், விடிய நல்ல தண்ணீர் நிற்கும். மோட்டர் வைத்து ஓயாமல் இறைத்தால் கீழே இருந்து உவர் ஏறிவிடும், பிறகு மாரி பெய்தாலும் அந்தக் கிணறு உடனே திரும்பாது. சேவை சேவை என்று ஓடி உவர் ஏறின ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் கொஞ்சக் காலம் அப்படி இருந்தேன். நோயாளியின் கையைப் பிடிக்கும்போது கை மட்டும்தான் அங்கே இருக்கும்.

நீங்கள் மானிப்பாய் என்பதால் இதையும் சொல்கிறேன். அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 1847இல் இங்கே வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பத்து வருடத்தில் உடம்பு தளர்ந்து அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. 1862இல்தான் மறுபடி வந்தார். தமிழிலேயே மாணவருக்கு வைத்தியம் படிப்பித்ததும், பெரிய வைத்திய நூல்கள் தமிழில் வெளிவந்ததும் திரும்பி வந்த பிறகுதான். நடுவில் இருந்த அந்த வருடங்களை அவர் வீணாக்கினார் என்று யார் சொல்வது?

உறுதி வாசிக்கிற வேலையைச் செய்யுங்கோ, எனக்கும் சந்தோசம். ஆனால் கிழமையில் ஒருநாள். நேரம் குறித்து. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி நீங்கள் ஊற்ற வேண்டாம், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கோ. நாலரைக்கு முழிப்பு வந்தால் படுத்துக்கொண்டே அம்மாவை நினையுங்கோ, எழும்பி ஓட வேண்டியதில்லை.

---

மானிப்பாய் அக்கா எழுதியது, மூன்று கிழமைக்குப் பிறகு

உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். எல்லோருடையதையும் பல தரம் வாசித்தேன். தாதி அம்மா எழுதினதை வாசித்த இரவு, அம்மா போனபின் முதல்தரம் வடிவாக அழுதேன். பிறகு நல்லாக நித்திரை வந்தது.

போதகரிடம் போய், அன்று வெறுமையாகப் போட்டது நான்தான் என்று சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மண்டபத்து விறாந்தையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டுத் தருகிறேன் என்றார். பழைய உறுதி வாசித்துத் தரப்படும், எந்தச் சமயத்தவரும் வரலாம் என்று வாசலில் ஒரு மட்டை கட்டினார்.

இரண்டு சனி முடிந்துவிட்டது. முதல் சனி இருவர். போன சனி ஐந்துபேர்.

எப்படிச் செய்கிறேன் என்றும் எழுதுகிறேன், உங்களில் யாருக்காவது உதவலாம். நான் சட்டம் சொல்வதில்லை. காணி யாருக்குச் சேரும் என்று கேட்டால் சட்டத்தரணியிடம் போகச் சொல்வேன், அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. எழுத்தில் இருப்பதை மட்டும் எடுத்து எழுதிக் கொடுப்பேன். அதில் முக்கியமாகப் பார்ப்பது மூன்று: உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர். இந்த மூன்றும் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்தின பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். நொத்தாரிசுமார் ஒரு பிரதியை அங்கே அனுப்பியே ஆகவேண்டும். கையில் இருக்கிற உறுதி பாதி செல்லரித்திருந்தாலும், காணி எந்த உறுதிப்படி வந்தது என்ற வசனத்தில் முந்தின உறுதியின் இலக்கம் இருக்கும். பலர் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. சீதனமா, பரம்பரையாக வந்த முதுசமா, கலியாணத்துக்குப் பிறகு சம்பாதித்த தேடிய தேட்டமா என்பதும் அங்கேதான் தெரியவரும். யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமையில் அந்த மூன்றுக்கும் வேறுவேறு வழி. 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த காலத்திலிருந்து அந்தச் சொற்கள் மாறவில்லை.

போன சனி கடைசியாக ஒரு தம்பி வந்தார். முப்பது வயதிருக்கும். இடம்பெயர்ந்தோர் முகாமில் பிறந்தவர், அவருடைய ஆட்களின் ஊர் மயிலிட்டிப் பக்கம். அம்மம்மா போன மாதம் காலமாகி, அவவின் றங்குப்பெட்டியில் சீலைகளுக்கு அடியில் இந்த உறுதி இருந்ததாம். 1995 ஐப்பசியில் சண்டையால் யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லோரும் ஒரே இரவில் நாவற்குழி கடந்து போனபோது படங்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே விடுபட்டுப் போயின, இந்த ஒரு கடதாசியை மட்டும் அம்மம்மா இடுப்பில் கட்டிக்கொண்டு போனாவாம். 

வாசித்தேன். அம்மம்மாவுக்குச் சீதனமாக எழுதின உறுதி. காணிக்கு ‘இலுப்பையடி’ என்று பெயர். மூன்று பரப்பு. கிழக்கு ஒழுங்கை. வடக்கு இன்னார். மேற்கு இன்னார். தெற்கு எல்லையில் ஒரு பெயர் வந்தது, இன்னார் மகன் இன்னார் என்று. அதைச் சத்தமாக வாசித்தபோது தம்பி, “அன்ரி, ஒருக்கா நில்லுங்கோ” என்றார். அது அவருடைய அம்மப்பாவின் தகப்பன் பெயர்.

அம்மம்மாவும் அம்மப்பாவும் ஒரே வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வளர்ந்தவர்கள் என்று அவருக்கு அதுவரை தெரியாது. சொல்லித்தர ஒருவரும் மிஞ்சவில்லை. “அவை அயலோ?” என்று கேட்டார். ஓம் தம்பி, ஒரே கிணறு, பங்கும் எழுதியிருக்கு என்று காட்டினேன். அவர் அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாமலே விரலை வைத்துக்கொண்டு இருந்தார். திரும்ப வாசிக்கச் சொன்னார். தெற்கு எல்லையை மட்டும் நான்குதரம் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை.

பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. தாதி அம்மா கோபிக்கக் கூடாது.

வண்ணை சிவம் அண்ணை, உங்கள் நாலு உறுதியையும் கொண்டு வாங்கோ. உடுவில் தங்கச்சி, உங்கள் கோவம் எனக்கு நல்லது செய்தது. அந்த நாடா வளையத்தை ஒருநாள் வந்து பார்க்க வேண்டும்.

ஒரு உதவி: விளக்குப் பூட்டின பூதக்கண்ணாடி, மேசையில் நிறுத்தி வைக்கிற மாதிரி, யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? கையில் பிடித்துக்கொண்டு எழுத முடியவில்லை.

---

ஸ்காபரோ தங்கச்சி எழுதியது, அன்றிரவு

அக்கா, பூதக்கண்ணாடியை நான் அனுப்புறன், இஞ்ச அடுத்த மாதம் ஊருக்கு வாற ஆள் ஒராள் இருக்கிறார். எங்கட அப்பாவின்ர உறுதி ஒண்டு என்னட்டை இருக்கு. அப்பா இப்ப ஆக்களை மறந்து போனார், ஆனால் காணியின்ர பேரை மட்டும் ஏதோ சொல்லிச் சொல்லிக் கேட்கிறார், எங்களுக்கு விளங்கேல்லை. படம் எடுத்து அனுப்பினால் வாசிப்பீங்களோ?

---

மானிப்பாய் அக்கா எழுதியது

அனுப்புங்கோ தங்கச்சி. வெயில் வெளிச்சத்தில் வைத்து எடுங்கோ, மின்விளக்கில் வேண்டாம். பின்பக்கமும் வேணும். முத்திரை இருக்கிற மூலையை வெட்டாமல் எடுங்கோ. அப்பா சொல்கிற பெயர் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படியே எழுதி அனுப்புங்கோ, பிழையாக இருந்தாலும் பரவாயில்லை.